பிரபுல்ல சந்திர ராய்

ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் (ஆகஸ்ட் 2, 1861 – ஜூன் 16, 1944) இந்தியாவில் தற்கால வேதியியல் ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர். வேதியியலாளர், கல்லூரிப் பேராசிரியர், தொழில் முனைவோர், அறிவியல் வரலாற்று ஆசிரியர், சமூகத் தொண்டர் எனப் பல துறைகளிலும் பணியாற்றியவர். குளிர்ந்த, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்துடன் வினைபுரியச் செய்தபோது உருவான மஞ்சள் நிறப் படிகங்களை ஆராய்ந்து, 1896 ஆம் ஆண்டில் மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் சேர்மத்தை உலகுக்கு அறிவித்தார். பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும், இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரும் இவரே ஆவார்.

ஒரே உலோகமும் ஒரே அமிலமும் கூட, அமிலம் எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு வேகத்தில் வினைபுரிந்து வெவ்வேறு விளைபொருள்களைத் தரும். இந்த எளிய உண்மையை விடாமல் பின்தொடர்ந்ததே ராயின் ஆய்வு வாழ்க்கைக்கு அடிப்படையாக அமைந்தது.

பிறப்பும் குடும்பமும்

ராய், அன்றைய வங்காள மாகாணத்தில் ஜெஸ்ஸோர் மாவட்டத்தைச் சேர்ந்த ராருலி என்னும் சிற்றூரில் பிறந்தார். கபோதாட்ச ஆற்றின் கரையில் அமைந்த இவ்வூர் இன்று வங்காளதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ளது. காவிரிப் படுகையைப் போலவே ஆறுகளும் நெல் வயல்களும் நிறைந்த கங்கைக் கழிமுகப் பகுதி அது.

தந்தை அரிஷ் சந்திர ராய் ஒரு நிலக்கிழார். பாரசீக மொழியில் புலமை பெற்றிருந்த அவர் ஆங்கிலக் கல்வியையும் விரும்பி வரவேற்றார். தம் ஊரில் பள்ளி ஒன்றை நிறுவினார். வீட்டில் பெரிய நூலகம் ஒன்றையும் வைத்திருந்தார். தாயார் புவனமோகினி தேவி. பிள்ளைகளின் கல்விக்காக 1870 ஆம் ஆண்டில் இக்குடும்பம் கல்கத்தாவுக்குக் (இன்றைய கொல்கத்தா) குடிபெயர்ந்தது.

பள்ளிக் கல்வி

கல்கத்தாவில் ராய் முதலில் ஹேர் பள்ளியில் சேர்ந்தார். 1874 ஆம் ஆண்டில் கடுமையான வயிற்றுக்கடுப்பு நோய் தாக்கியதால் பள்ளியை விட்டு ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. நோய் தணிந்தாலும் செரிமானக் குறைபாடும் தூக்கமின்மையும் வாழ்நாள் முழுவதும் இவரைத் தொடர்ந்தன. உணவிலும் உறக்கத்திலும் இவர் கடைப்பிடித்த கடும் ஒழுங்குக்கு இந்நோயே காரணம்.

பள்ளி செல்லாத ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைத் தந்தையின் நூலகத்தில் கழித்தார். வரலாறு, இலக்கியம், அறிஞர்களின் வாழ்க்கை வரலாறு ஆகியவற்றை விரும்பிப் படித்தார். இலத்தீன் மொழியைத் தாமாகவே கற்கத் தொடங்கினார். எளிய நிலையிலிருந்து உயர்ந்த பெஞ்சமின் பிராங்கிளினின் வாழ்க்கை இவரை மிகவும் கவர்ந்தது. 1876 இல் கல்கத்தா திரும்பி ஆல்பர்ட் பள்ளியில் சேர்ந்தார்.

பின்னர் ஈசுவர சந்திர வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரியில் அறிவியல் ஆய்வகம் இல்லை. எனவே, வெளி மாணவராக கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்குச் சென்று இயற்பியல், வேதியியல் விரிவுரைகளைக் கேட்டார். அங்கு அலெக்சாண்டர் பெட்லர் வகுப்பிலேயே செய்து காட்டிய சோதனைகள் இவரை வேதியியலின் பக்கம் இழுத்தன. வகுப்பில் கண்டதை மீண்டும் செய்து பார்க்கும் ஆவலில், நண்பர் ஒருவரின் இருப்பிடத்தில் சிறு ஆய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டார். ஒருமுறை வளிமங்களைக் கையாளும்போது அங்கு வெடிவிபத்து நேர்ந்தது. நல்வேளையாக எவருக்கும் காயம் ஏற்படவில்லை.

எடின்பரோவில் கல்வி

இந்தியா முழுவதற்கும் நடத்தப்பட்ட கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வில் வெற்றி பெற்று, 1882 ஆம் ஆண்டில் ராய் பிரித்தானியாவுக்குப் புறப்பட்டார். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கிரம் பிரவுன் என்னும் புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியரிடம் பயின்றார். 1885 இல் அறிவியல் இளநிலைப் பட்டமும், 1887 இல் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார். செம்பு, மக்னீசியம் வகை உலோகங்களின் இரட்டை சல்பேட்டுகளே இவரது முனைவர் பட்ட ஆய்வின் பொருள்.

மாணவராக இருந்தபோதே, சிப்பாய்க் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா இருந்த நிலையைப் பற்றி ஒரு கட்டுரைப் போட்டிக்கு எழுதினார். ஆங்கில ஆட்சியைக் கடுமையாக விமர்சித்த அக்கட்டுரைக்குப் பரிசு கிட்டவில்லை. ஆனால் தரத்தில் பாராட்டப்பட்டது. ஆய்வகத்தில் அமைதியாக உழைப்பதும் நாட்டின் நிலை குறித்து வெளிப்படையாகப் பேசுவதும் இவரிடம் தொடக்கம் முதலே இணைந்திருந்தன.

பிரசிடென்சி கல்லூரிப் பணி

1888 ஆம் ஆண்டில் ராய் இந்தியா திரும்பினார். அக்காலத்தில் அரசுக் கல்விப் பணியின் உயர் பிரிவு நடைமுறையில் ஆங்கிலேயருக்கே உரியதாக இருந்தது. எடின்பரோவின் முனைவர் பட்டம் பெற்றிருந்தும் ராய்க்கு அதில் இடம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு வேலையின்றி இருந்தார். அக்காலத்தில் நண்பர் ஜகதீச சந்திர போசின் இல்லத்தில் தங்கித் தாவரவியல் நூல்களைப் படித்தார்.

1889 ஜூலையில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியராக மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார். ஒத்த தகுதி கொண்ட ஆங்கிலேயருக்கு இதைவிடப் பன்மடங்கு ஊதியம் வழங்கப்பட்டது. இந்த ஏற்றத்தாழ்வு பற்றி முறையிட்டபோது, விருப்பமில்லையெனில் வேறு தொழில் தேடிக்கொள்ளலாம் என்னும் பொருள்படவே மேலதிகாரியிடமிருந்து விடை கிடைத்தது. ராய் கல்லூரிப் பணியை விடவில்லை. அதனூடே ஒரு தொழிலையும் தொடங்கிக் காட்டினார்.

தொடக்க ஆண்டுகளில் நெய், கடுகு எண்ணெய் ஆகியவற்றில் செய்யப்படும் கலப்படத்தை ஆராய்ந்தார். 1894 இல் கல்லூரியில் புதிய வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அங்கு அரிய இந்தியக் கனிமங்களைப் பகுத்தாராயத் தொடங்கினார். தனிம வரிசை அட்டவணையில் அன்று காலியாக இருந்த இடங்களுள் ஒன்றையேனும் நிரப்பும் புதுத் தனிமம் கிட்டக்கூடும் என்பது இவரது நம்பிக்கை. ஆனால் பாதரசம் இவரை வேறு வழியில் திருப்பியது.

மெர்க்குரஸ் நைட்ரைட் கண்டுபிடிப்பு

கலோமல் என்பது பாதரசமும் குளோரினும் சேர்ந்த சேர்மம். சித்த மருத்துவத்தில் பூரம் என வழங்கப்படும் இப்பொருள் அக்கால மேலை மருத்துவத்திலும் பரவலாகப் பயன்பட்டது. இதனைத் தயாரிக்க நீரில் கரையும் பாதரச உப்பு ஒன்று தேவை. அதற்காக ராய் மெர்க்குரஸ் நைட்ரேட்டை மிகுந்த அளவில் தயாரிக்க முற்பட்டார். பாதரசத்தைத் தேவைக்கு அதிகமாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, சூடாக்காமல் குளிர்ந்த நிலையிலேயே விட்டுவைத்தார். இது பாடநூல்களில் உள்ள முறைதான். மெர்க்குரஸ் நைட்ரேட் நிறமற்ற படிகங்களைத் தரும்.

ஆனால் கலத்தில் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. முதற்பார்வையில் இவை கார உப்பு எனப்படும் வகையைச் சேர்ந்தவை என எண்ணத் தோன்றியது. மெர்க்குரஸ் நைட்ரேட்டை நீர் மிகுதியாகத் தாக்கும்போது மஞ்சள் நிறக் கார உப்பு உருவாவது வேதியியலாளர் அனைவரும் அறிந்ததே. எனினும், அமிலம் மிகுதியாக உள்ள கரைசலில் கார உப்பு உருவாவது வழக்கமான அனுபவத்திற்கு முரணானது. இந்த முரண்பாட்டை ராய் புறக்கணிக்கவில்லை. படிகங்களைத் தனியே பிரித்துச் சோதித்தபோது, அவை ஒரே நேரத்தில் மெர்க்குரஸ் உப்பாகவும் நைட்ரைட்டாகவும் இருப்பதைக் கண்டார்.

இங்கு நைட்ரேட், நைட்ரைட் ஆகிய இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நைட்ரேட் என்பது நைட்ரிக் அமிலத்தின் உப்பு. அதன் அயனியில் ஒரு நைட்ரசன் அணுவும் மூன்று ஆக்சிசன் அணுக்களும் உண்டு. நைட்ரைட் என்பது நைட்ரஸ் அமிலத்தின் உப்பு. அதன் அயனியில் ஆக்சிசன் அணுக்கள் இரண்டே. நைட்ரஸ் அமிலம் எளிதில் சிதையக்கூடியது. மெர்க்குரஸ் அயனியும் எளிதில் மாற்றமடையும் இயல்புடையது. நிலையற்ற இவ்விரண்டும் இணைந்து நிலையான ஒரு படிகத்தைத் தந்ததே இக்கண்டுபிடிப்பின் வியப்பு.

1896 ஆம் ஆண்டில் வங்காள ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் ராய் இதனை வெளியிட்டார். இலண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழ் அதே ஆண்டில் இதனைக் குறிப்பிட்டது. இந்தியக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில், இந்தியர் ஒருவர் செய்த வேதியியல் ஆய்வு உலக அறிஞர்களின் கவனத்தைப் பெறுவது அக்காலத்தில் மிக அரிது. இப்படிகத்தின் அமைப்பு பின்னாளில் ஊடுகதிர் ஆய்வு மூலம் உறுதி செய்யப்பட்டது.

அமிலத் தயாரிப்பும் வினைவேகமும்

ராயின் கண்டுபிடிப்பைப் புரிந்துகொள்ள, நைட்ரிக் அமிலம் உலோகங்களுடன் வினைபுரியும் விதத்தை அறிவது உதவும். தமிழில் முற்காலத்தில் வெடியுப்புத் திராவகம் என அழைக்கப்பட்ட இவ்வமிலம் பிற அமிலங்களைப் போன்றதன்று. துத்தநாகத்தின் மீது நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் ஐதரசன் வளிமம் வெளியேறும். பாதரசம், செம்பு, வெள்ளி ஆகிய உலோகங்களோ ஐதரசனை வெளியேற்றும் ஆற்றல் அற்றவை. எனவே நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் அவை கரைவதில்லை. நைட்ரிக் அமிலம் ஆக்சிசனேற்றும் திறன் கொண்டதாகையால் அவற்றையும் கரைக்கிறது. அப்போது ஐதரசனுக்கு மாறாக நைட்ரசன் ஆக்சைடு வளிமங்களே வெளியேறும்.

இவ்வினையின் வேகமும் விளைபொருளும் அமிலம் தயாரிக்கப்படும் முறையைப் பொறுத்தவை. அவற்றைத் தீர்மானிக்கும் காரணிகளாவன:

செறிவு: கடைகளில் கிடைக்கும் செறிந்த நைட்ரிக் அமிலத்தில் எடையளவில் ஏறத்தாழ 68 விழுக்காடு அமிலம் இருக்கும். செறிந்த சூடான அமிலம் பாதரசத்தை விரைவாகத் தாக்கி, செந்தவிட்டு நிற நைட்ரசன் டைஆக்சைடை வெளியேற்றி, மெர்க்குரிக் நைட்ரேட்டைத் தரும். நீர்த்த குளிர்ந்த அமிலம், பாதரசம் மிகுதியாக இருக்கையில், மெதுவாக வினைபுரிந்து மெர்க்குரஸ் உப்பைத் தரும். செறிவு கூடினால் வேகமும் கூடும் என்பது எல்லா உலோகங்களுக்கும் பொருந்துவதில்லை. இரும்பு நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரையும். மிகச் செறிந்த அமிலத்திலோ மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதனைக் காத்துவிடும்.

வெப்பநிலை: அமிலத்தை நீருடன் கலக்கும்போது வெப்பம் வெளியாகும். இதனால்தான் நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது. இது பாதுகாப்பு விதி மட்டுமன்று. கலந்த கரைசல் ஆறுவதற்கு முன் உலோகத்தின் மீது ஊற்றப்பட்டால், அதே செறிவுடைய ஆறிய கரைசலைவிட விரைவாக வினைபுரியும். இரு சோதனைகளை ஒப்பிடுபவர் இதனை மறந்தால் தவறான முடிவுக்கே வருவார்.

நைட்ரஸ் அமிலம்: நைட்ரிக் அமிலத்தில் சிறிதளவு கலந்திருக்கும் நைட்ரஸ் அமிலமே வினையைத் தொடங்கி வைக்கிறது. 1890 ஆம் ஆண்டையொட்டி ஆக்ஸ்போர்டில் வெலி என்னும் வேதியியலாளர், நைட்ரஸ் அமிலம் முற்றிலும் நீக்கப்பட்ட நீர்த்த நைட்ரிக் அமிலம் செம்பு, பாதரசம் போன்ற உலோகங்களைத் தாக்குவதில்லை எனக் காட்டினார். வினை தொடங்கியதும் உலோகப் பரப்பில் மேலும் நைட்ரஸ் அமிலம் உருவாகி வேகத்தை மேன்மேலும் கூட்டும். விளைபொருளே வினையை ஊக்குவிப்பதால் இது தன்வினையூக்கம் எனப்படும். வெளிச்சத்தில் நாட்பட இருந்த அமிலப் புட்டியில் நைட்ரசன் ஆக்சைடுகள் கரைந்து அமிலம் மஞ்சளாகியிருக்கும். அதனை நீர்க்கும்போது நைட்ரஸ் அமிலமும் உடன் உருவாகும். ஆகவே நிறமற்ற புதிய அமிலமும் மஞ்சளான பழைய அமிலமும் ஒரே செறிவில் இருந்தாலும் ஒரே வேகத்தில் வினையைத் தொடங்குவதில்லை.

கலக்குதல்: பொதுவாகக் கரைசலைக் கலக்கினால் வினைவேகம் கூடும். செம்பும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வினைபுரியும்போது இதற்கு நேர்மாறாக நிகழக்கூடும். கலக்குவதால் உலோகப் பரப்பில் சேர்ந்த நைட்ரஸ் அமிலம் கரைசலெங்கும் சிதறிவிடுவதே இதற்குக் காரணம்.

இவற்றை மனத்தில் கொண்டு ராயின் கலத்தை மீண்டும் நோக்கலாம். அமிலம் குளிர்ந்திருந்ததால், உருவான நைட்ரஸ் அமிலம் சிதையாமல் கரைசலில் தங்கியது. பாதரசம் மிகுதியாக இருந்ததால் மெர்க்குரிக் உப்பு உருவாகாமல் மெர்க்குரஸ் நிலையே நீடித்தது. அமிலம் நீர்த்திருந்ததால் வினை மெல்ல நடந்து, படிகம் வளர நேரம் கிடைத்தது. சூடாக்கியிருந்தாலோ செறிந்த அமிலத்தை ஊற்றியிருந்தாலோ மஞ்சள் படிகங்கள் கண்ணுக்குத் தென்பட்டிருக்கமாட்டா. ராய் இதனை ஒரு தற்செயல் நிகழ்வாக விட்டுவிடாமல், பாதரச நைட்ரைட்டுகள் எந்தெந்தச் சூழல்களில் உருவாகின்றன என்பதை ஆராய்ந்து 1897 இல் இலண்டன் வேதியியல் கழக இதழில் வெளியிட்டார். அப்படிகம் உருவாவதையும் பின்னர் பல்வேறு பாதரச நைட்ரேட்டுகளாக மாறுவதையும் விளக்கும் கோட்பாட்டை 1905 இல் அதே இதழில் முன்வைத்தார்.

பாதரசமும் அதன் உப்புகளும் நைட்ரசன் ஆக்சைடு வளிமங்களும் நச்சுத்தன்மை கொண்டவை. எனவே இவ்வினையை முறையான ஆய்வகத்திற்கு வெளியே செய்து பார்த்தல் ஆகாது.

பிற ஆய்வுகள்

நைட்ரைட்டுகளே ராயின் வாழ்நாள் ஆய்வுப் பொருளாயின. எளிதில் சிதையும் எனக் கருதப்பட்ட அம்மோனியம் நைட்ரைட்டைத் தூய நிலையில் தயாரித்து, அதனைச் சிதையாமலேயே ஆவியாக்க முடியும் என நிறுவினார். 1912 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பேரரசின் பல்கலைக்கழக மாநாட்டிற்கு கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சார்பாளராக இலண்டன் சென்றபோது, இம்முடிவுகளை அங்குள்ள வேதியியல் கழகத்தில் எடுத்துரைத்தார். அருமன் வளிமங்களைக் கண்டறிந்த வில்லியம் ராம்சே இவரைப் பாராட்டினார்.

1917 இல் மாணிக் லால் டே, ஞான சந்திர கோஷ் ஆகியோருடன் சேர்ந்து, நைட்ரஸ் அமிலம் சிதையும் வேகத்தை அளந்து வெளியிட்டார். மஞ்சள் படிகத்தில் தொடங்கிய கேள்வி, இருபது ஆண்டுகளுக்குப் பின் வினைவேகத்தின் அளவீடாகவே முதிர்ந்தது எனலாம். பிற்காலத்தில் கந்தகம் கொண்ட கரிமச் சேர்மங்களையும் பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றின் சேர்மங்களையும் ஆராய்ந்தார்.

பெங்கால் கெமிக்கல்

படித்த வங்காள இளைஞர்கள் அரசு எழுத்தர் வேலையையே நம்பியிருந்தது ராயை வருத்தியது. நாட்டிலேயே மருந்தும் வேதிப்பொருளும் செய்யும் தொழில் வேண்டும் என எண்ணினார். 1892 ஆம் ஆண்டில், கல்கத்தா அப்பர் சர்க்குலர் சாலை 91 ஆம் எண் இல்லத்தில், சில நூறு ரூபாய் முதலீட்டில் தொழிலைத் தொடங்கினார். கல்லூரி முடிந்து வந்த பின் மாலை வேளைகளில் தாமே மருந்துகளைத் தயாரித்தார்.

தொடக்க முயற்சிகளுள் ஒன்று, மாட்டு எலும்பைக் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்து பாசுபேட் உப்புகளைத் தயாரித்தல். இறைச்சிக் கடைகளிலிருந்து வாங்கிய எலும்புகளை வீட்டு மொட்டைமாடியில் உலர்த்தினார். எதிர்பாராத மழையில் எலும்புகளில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழு வைத்தது. காகங்கள் எலும்புத் துண்டுகளை அண்டை வீடுகளில் போட்டன. அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவிக்கவே, எலும்புகளை வேறிடத்திற்கு அகற்றி எரித்துச் சாம்பலாக்கிப் பயன்படுத்தினார்.

இத்தொழில் உயிரிழப்புகளையும் கண்டது. உடன் உழைத்த இளம் வேதியியலாளர் சதீஷ் சந்திர சின்கா ஆய்வகத்தில் ஐதரோசயனிக் அமில நச்சினால் உயிரிழந்தார். பங்காளரும் மருத்துவருமான அமுல்ய சரண் போஸ் 1898 இல் கொள்ளை நோய்க்குப் பலியானார். இரு நண்பர்களையும் இழந்த பின்னரும் ராய் தொழிலைக் கைவிடவில்லை. 1901 இல் அது பெங்கால் கெமிக்கல் அண்டு பார்மசூட்டிக்கல் ஒர்க்ஸ் என்னும் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. மாணிக்தலாவில் ஆலை எழுந்தது. பல்வேறு தொழில்களுக்கு அடிப்படையான கந்தக அமிலமும் அங்கு தயாரிக்கப்பட்டது. இந்நிறுவனம் 1980 இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டது.

இந்து வேதியியல் வரலாறு

பண்டைய இந்தியரின் வேதியியல் அறிவை வடமொழிச் சுவடிகளின் துணையுடன் ஆராய்ந்து, இந்து வேதியியலின் வரலாறு என்னும் ஆங்கில நூலை எழுதினார். முதல் தொகுதி 1902 இலும் இரண்டாம் தொகுதி 1909 இலும் வெளிவந்தன. பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோவின் ஊக்கமே இதற்குத் தூண்டுகோல். உலோகங்களைத் தூய்மை செய்தல், பாதரசச் சேர்மங்கள், காரங்கள், திராவகங்கள் ஆகியவை பற்றிய பழங்குறிப்புகளை இந்நூல் தொகுத்து ஆராய்கிறது.

பழம்பெருமை பேசுவதோடு ராய் நிற்கவில்லை. கைத்தொழில் செய்வோரைச் சாதி அமைப்பு தாழ்த்தி வைத்ததால் அறிவும் கைவினையும் பிரிந்தன என்றும், அதுவே இந்தியாவில் அறிவியல் மனப்பான்மை நலிந்ததற்கு முக்கியக் காரணம் என்றும் அந்நூலில் வாதிட்டார்.

ஆசிரியராக

1916 இல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் முதல் பாலித் வேதியியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். ஞான சந்திர கோஷ், ஞானேந்திர நாத் முகர்ஜி, நீல் ரத்தன் தார், பிரியதா ரஞ்சன் ராய் முதலிய வேதியியலாளர்கள் இவரிடம் உருவானவர்கள். இயற்பியல் அறிஞர்களான மேகநாத சாகா, சத்தியேந்திர நாத் போஸ் ஆகியோரும் இவரது வகுப்பில் அமர்ந்தவர்களே. தொடக்க வகுப்பு மாணவர்களுக்குத் தாமே பாடம் நடத்துவதை இவர் பெரிதும் விரும்பினார். 1924 இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார்.

இம்மாணவர் வழி தமிழகத்தையும் எட்டியது. ராயின் மாணவரான பிமன் பிகாரி டே சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றி அங்கு ஆய்வுக்கு வழி வகுத்தார். காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில் 1900 ஆம் ஆண்டில் பிறந்த தி. ரா. சேஷாத்திரி, டேயிடம் ஆய்வு பயின்ற பின்னர் இங்கிலாந்து சென்று, இயற்கைப் பொருள் வேதியியலில் உலகப் புகழ் பெற்றார்.

சமூகப் பணி

1901 ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் கோகலேயின் இல்லத்தில் தங்கியிருந்த காந்தியடிகளுக்கு ராய் அறிமுகமானார். ஊதியத்தில் தமக்கென மிகச் சிறு பகுதியை வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பொதுப்பணிக்குக் கொடுப்பவர் என்றே கோகலே இவரை அறிமுகப்படுத்தினார். 1902 ஜனவரியில் தென்னாப்பிரிக்க இந்தியரின் நிலை பற்றிக் காந்தி பேசிய கல்கத்தாக் கூட்டத்திற்கு ராய் துணைநின்றார். பிற்காலத்தில் கதர் இயக்கத்தையும் ஆதரித்தார்.

1921 இல் குல்னாப் பகுதியில் பஞ்சம் ஏற்பட்டபோதும், 1922 இல் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோதும், துயர்துடைப்புப் பணிக்குத் தலைமை ஏற்றார். நிதியும் துணியும் அரிசியும் திரட்ட மாணவர் படையே இவர் பின் நின்றது.

இறுதிக் காலம்

1919 இல் ஆங்கில அரசு இவருக்கு சர் பட்டம் வழங்கியது. ராய் திருமணம் செய்துகொள்ளவில்லை. அறிவியல் கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் எளிய அறையில் வாழ்ந்தார். 60 வயது நிறைவடைந்த 1921 முதல் தமது ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே அளித்தார். ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1932 இலும் 1935 இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1936 இல், 75 ஆம் வயதில், பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1944 ஜூன் 16 அன்று, தாம் வாழ்ந்த அதே அறையில், மாணவர்கள் சூழ்ந்திருக்க இயற்கை எய்தினார்.

மரபு

ராயின் 150 ஆம் பிறந்த ஆண்டான 2011 இல், பிரித்தானிய அரச வேதியியல் கழகம் தனது வேதியியல் நினைவுச்சின்னப் பட்டயத்தை இவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே இப்பட்டயம் வழங்கப்பட்டது அதுவே முதன்முறை.

விலையுயர்ந்த கருவி எதுவும் இவரது முதல் கண்டுபிடிப்புக்குத் துணைநிற்கவில்லை. பாதரசம், நீர்த்த அமிலம், ஒரு கண்ணாடிக் கலம் ஆகியவை எந்தக் கல்லூரியிலும் இருந்தவை. அதே வினையைப் பலரும் செய்திருந்தனர். எதிர்பாராத நிறத்தைக் கண்டதும் கலத்தைக் கழுவிவிடாமல், அமிலம் எவ்வாறு கலக்கப்பட்டது, எந்த வெப்பநிலையில் இருந்தது, எவ்வளவு உலோகம் எஞ்சியிருந்தது எனக் கேட்டறிந்ததே ராயின் தனிச்சிறப்பு. ஆய்வகக் குறிப்பேட்டில் இந்த விவரங்களை எழுதி வைக்கும் பழக்கம், இன்றைய பள்ளி மாணவரும் இவரிடமிருந்து கற்கக்கூடிய பாடமாகும்.